பிள்ளை வளர்ப்பும் வர்க்கமும் இதயநோயும்

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு படிந்து, அவை குறுகி அடைபடுவதே இதயத் தமனி நோய். மாரடைப்பு திடீரென்று வந்ததாகத் தோன்றினாலும், அதற்குக் காரணமான படிவு இருபது, முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வந்திருக்கும். பெரும்பாலானோர் பிள்ளை பெற்று வளர்ப்பதும் அதே ஆண்டுகளில்தான். அந்தக் காலத்தில் ஒருவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார், புகைபிடித்தாரா, எவ்வளவு கவலையைச் சுமந்தார் என்பதெல்லாம் தமனியைப் பாதிக்கும். இவற்றில் பெரும்பகுதியை நிர்ணயிப்பவை அவருடைய வேலை, வருமானம், படிப்பு. இந்த மூன்றையும் சேர்த்தே ஆய்வாளர்கள் சமூக வர்க்கம் என்கிறார்கள். பிரிட்டனில் தொழிலை வைத்தும், பிற நாடுகளில் படித்த ஆண்டுகளையோ குடும்ப வருமானத்தையோ வைத்தும் அது அளக்கப்படுகிறது.

பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் இதயநோய்க்கும் தொடர்பு உண்டா, உண்டென்றால் அது கருப்பையின் வழியாக வருகிறதா, குடும்பச் சூழலின் வழியாக வருகிறதா என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

பணக்காரர் நோய் என்ற எண்ணம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரடைப்பு வசதி படைத்தவர்களின் நோயாகக் கருதப்பட்டது. கொழுத்த உணவு, உடலுழைப்பு இல்லாத வாழ்க்கை, பொறுப்பான பதவியின் மன அழுத்தம் ஆகியவை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனில் நிலைமை தலைகீழானது. படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் புகைப்பதைக் குறைத்தார்கள், உணவை மாற்றினார்கள். தொழிலாளர் குடும்பங்களில் இந்த மாற்றம் தாமதமாகவே வந்தது.

இதைத் துல்லியமாக அளந்தது லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கப்பட்ட வைட்ஹால் ஆய்வு. 17,530 ஆண்களை ஏழரை ஆண்டுகள் பின்தொடர்ந்து கிடைத்த முடிவுகளை மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் 1978-இல் வெளியிட்டனர். கடைநிலை ஊழியர்கள் இதயத் தமனி நோயால் இறந்த விகிதம், உயர்நிலை நிர்வாகிகளின் விகிதத்தைப்போல 3.6 மடங்கு இருந்தது. இவர்களில் எவரும் வறுமையில் வாடியவர் அல்லர். எல்லோருக்கும் நிலையான சம்பளமும் இலவச அரசு மருத்துவமும் இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு படி கீழே இறங்கும்போதும் ஆபத்து கூடியது. ரத்தக் கொலஸ்ட்ரால் மேல்நிலையில் இருந்தவர்களுக்கே சற்று அதிகம். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், உடல் எடை ஆகிய அனைத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி விளக்கப்படாமல் நின்றது.

1985-இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு அந்த மீதியைத் தேடியது. 10,308 பேர் கலந்துகொண்ட அதில் கிடைத்த முக்கியமான விடை, தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதயநோய் அதிகம் வருகிறது என்பது.

ஃபிராமிங்ஹாம் பெண்கள்

வைட்ஹால் ஆய்வு அலுவலகத்தைப் பார்த்தது. அலுவலகத்தையும் வீட்டையும் சேர்த்துப் பார்த்த தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற இதய ஆய்வின் ஒரு பகுதியாக, 1965-க்கும் 1967-க்கும் இடையில் 45 முதல் 64 வயது வரையிலானவர்களிடம் வேலை, குடும்பம், மனநிலை பற்றி விரிவாகக் கேள்விகள் கேட்கப்பட்டன. எட்டு ஆண்டுகளில் அவர்களில் யாருக்கு இதயநோய் வந்தது என்று பார்த்து, சுசேன் ஹேன்ஸ், மேனிங் ஃபைன்லைப் இருவரும் 1980-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதால் ஆண்களைப்போல மாரடைப்புக்கு ஆளாவார்கள் என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. வேலைக்குப் போன பெண்களில் 7.8 சதவீதத்தினருக்கும் வீட்டைக் கவனித்த பெண்களில் 5.4 சதவீதத்தினருக்கும் இதயநோய் வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவே. ஆனால் எந்த வேலை, எப்படிப்பட்ட வீடு என்று பிரித்ததும் படம் மாறியது. எழுத்தர், தட்டச்சர் போன்ற அலுவலக வேலை பார்த்த பெண்களிடையே விகிதம் 10.6 சதவீதம். அவர்களிலும் பிள்ளைகளைப் பெற்று, உடலுழைப்புத் தொழிலாளியை மணந்தவர்களிடையே அது 21.3 சதவீதம்.

அலுவலக வேலை, பிள்ளைகள், குறைந்த வருமானம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் ஆபத்து கூடியது. இந்தக் கடைசிப் பிரிவில் இருந்த பெண்களின் எண்ணிக்கை சிறியது. ஆகவே சதவீதத்தை அப்படியே பொதுவிதியாகக் கொள்ள முடியாது. ஆயினும் அலுவலகப் பெண்களிடம் நோயை முன்கூட்டிக் காட்டிய அம்சங்கள் கவனத்துக்குரியவை. கோபத்தை வெளிக்காட்டாமல் அடக்குவது, ஆதரவில்லாத மேலதிகாரி, வேலையில் முன்னேற வழியின்மை ஆகியவையே அவை. வேலைக்குப் போவது தானாக இதயத்தைக் கெடுக்கவில்லை. அதிகாரமற்ற வேலையும், உதவியாள் வைத்துக்கொள்ள முடியாத வீடும் ஒருவர் தலையிலேயே விழுந்தபோது கெடுத்தது.

கருவுற்றதாலா, வளர்த்ததாலா?

அதிகப் பிள்ளைகள் பெற்ற பெண்களுக்கு இதயநோய் கூடுதலாக வருகிறது என்பது வேறு சில ஆய்வுகளிலும் தெரிந்திருந்தது. கர்ப்பமே காரணம் என்று பலர் கருதினர். அதற்கு நியாயமும் உண்டு. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிக்குப் பாதி கூடுகிறது. இன்சுலினுக்கு உடல் பணிவது குறைகிறது. கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் ஏறுகின்றன. பேறுகாலத்துக்குப் பிறகு இவை பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பினாலும், எடையில் ஒரு பகுதி தங்கிவிடலாம். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சற்றுக் குறைந்தே இருக்கலாம். கர்ப்பத்துக்குக் கர்ப்பம் இது கூடிக்கொண்டே போனால் இதயம் பாதிக்கப்படும் என்பது வாதம்.

இந்த வாதத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தந்தையர் கருவுறுவதில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தாய்க்கு மட்டும் ஆபத்து கூடினால் கர்ப்பம் காரணம். தந்தைக்கும் கூடினால், இருவருக்கும் பொதுவான வாழ்க்கை முறையில் காரணம் இருக்க வேண்டும்.

டெபி லாலரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. பிரிட்டனின் 24 நகரங்களைச் சேர்ந்த, 60 முதல் 79 வயது வரையிலான 4,286 பெண்களையும் 4,252 ஆண்களையும் அது ஒப்பிட்டது. இரு பாலாரிலும் இரண்டு பிள்ளைகள் உள்ளவர்களிடம்தான் இதயநோய் மிகக் குறைவு. அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய்க்கான வாய்ப்பு பெண்களுக்கு 30 சதவீதமும் ஆண்களுக்கு 12 சதவீதமும் உயர்ந்தது. உடல் பருமனையும் அதனோடு வரும் சர்க்கரை, கொழுப்புக் கோளாறுகளையும் கணக்கில் எடுத்தபோது இரு பாலாரிடமும் இந்தத் தொடர்பு தேய்ந்தது. பெண்களிடம் மட்டும் ஒரு பகுதி எஞ்சி நின்றது.

இதிலிருந்து கிடைக்கும் விடை இரண்டு அடுக்கு கொண்டது. பிள்ளை வளர்க்கும் ஆண்டுகளின் வாழ்க்கை முறை தாய், தந்தை இருவரையும் பருமனாக்கி, அதன் வழியே இதயத்தைத் தாக்குகிறது. பெண்களுக்கு அதற்கு மேல் கர்ப்பத்தின் உடலியல் விளைவும் சேர்கிறது. சீனாவில் சுமார் 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்விலும், பெற்றோரிடையே பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஆபத்து ஆண், பெண் இருவருக்குமே மெல்ல ஏறியது. அங்கே ஒரு பிள்ளைக்கான கூடுதல் ஆபத்து சில சதவீதம்தான்.

பிள்ளையில்லாதவர்கள்

இரண்டு பிள்ளைகள் உள்ளவர்களிடம் நோய் குறைவு என்றால், பிள்ளையே இல்லாதவர்களிடம் அதைவிட அதிகம் என்றும் பொருள். அமெரிக்காவில் ஓய்வு வயதை நெருங்கிய 1,37,000-க்கும் மேற்பட்ட ஆண்களைச் சுமார் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, பிள்ளையில்லாதவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறப்பது தந்தையரைவிட 17 சதவீதம் அதிகம் என்று 2011-இல் தெரிவித்தது.

இதை வைத்துப் பிள்ளை பெறுவது இதயத்துக்கு மருந்து என்று முடிவுகட்ட முடியாது. சர்க்கரை நோய், சினைப்பை நீர்க்கட்டிகள், ஆண் ஹார்மோன் குறைவு போன்றவை கருத்தரிப்பையும் பாதிக்கும், இதயத்தையும் பாதிக்கும். உடல்நலம் குன்றியவர்களுக்கும் வருமானம் இல்லாதவர்களுக்கும் திருமணம் தள்ளிப்போவதோ நடக்காமலே போவதோ உண்டு. ஆகவே பிள்ளையின்மை நோய்க்குக் காரணமாக இல்லாமல், ஏற்கனவே இருந்த குறைபாட்டின் அடையாளமாக இருக்கக்கூடும். மறுபக்கம், பிள்ளைகள் வந்த பிறகு சிலர் புகையையும் குடியையும் விடுகிறார்கள், முதுமையில் கவனிக்க ஆளும் கிடைக்கிறது. ஒருநாள் முழுதும் ரத்த அழுத்தத்தை அளந்த 2009-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்க ஆய்வில், திருமணமானவர்களில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கே அழுத்தம் சற்றுக் குறைவாக இருந்தது. பெண்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் இருப்பது சுமை மட்டும் அன்று. அதைத் தாங்க வசதி இருக்கிறதா என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

வீட்டிலிருந்து தமனிக்கு

வர்க்கமும் பிள்ளை வளர்ப்பும் இதயத்தை அடையும் வழிகளில் முதலாவது உணவு. குறைந்த வருமானத்தில் அதிக வயிறுகளை நிரப்ப வேண்டிய வீட்டில், அரிசியும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் பெருகி, காய்கனியும் பருப்பும் குறையும். குழந்தைகள் மீதம் வைத்ததை வீணாக்காமல் பெற்றோரே சாப்பிடுவதும் நடக்கும். இரண்டாவது நேரம். உடற்பயிற்சியும் தூக்கமும் முதலில் வெட்டப்படுபவை. சமைக்கவும் குழந்தையைப் பார்க்கவும் ஆள் வைத்துக்கொள்ளக்கூடியவர் அந்த நேரத்தைப் பணம் கொடுத்து மீட்டுக்கொள்கிறார், மற்றவர்களால் முடிவதில்லை. மூன்றாவது மருத்துவம். ஒருநாள் கூலியை இழந்து ரத்த அழுத்தம் பார்க்கப் போவதைப் பெற்றோர் தள்ளிப்போடுவார்கள்.

நான்காவது மன அழுத்த ஹார்மோன்கள். ஸ்வீடனில் மரியான் ஃபிராங்கன்ஹாய்சரின் குழுவினர் 1980-களில் வால்வோ நிறுவன ஊழியர்களின் நார்அட்ரினலின் அளவைப் பகலிலும் மாலையிலும் அளந்தனர். ஆண் மேலாளர்களுக்கு வேலை முடிந்ததும் அது இறங்கியது. பெண் மேலாளர்களுக்கு மாலையிலும் ஏறுமுகமாகவே இருந்தது. வீட்டில் இரண்டாவது வேலை தொடங்கியதே காரணம். 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேலைக்குப் போகும் பெண்களில் வீட்டில் குழந்தைகள் உள்ளவர்களின் சிறுநீரில், கணவர் உடனிருந்தாலும் இல்லாவிட்டாலும், கார்டிசால் அதிகமாக வெளியேறியது. கார்டிசால் தொடர்ந்து உயர்ந்திருந்தால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், ரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும்.

ஐந்தாவது, வீட்டில் முடிவெடுக்கும் உரிமை. இரண்டாம் வைட்ஹால் ஆய்வின் தரவுகளை வைத்துத் தரணி சந்தோலாவும் பிறரும் 2004-இல் வெளியிட்ட கட்டுரை, குடும்ப விஷயங்களில் தம் கையில் எதுவும் இல்லை என்று உணர்ந்த பெண்களுக்கு இதயநோய் அதிகம் வந்ததைக் காட்டியது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை.

பிள்ளை வளர்ப்பு பெற்றோரோடு முடிவதில்லை. அமெரிக்கச் செவிலியர் 54,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2003-இல் வெளியானது. வாரத்துக்கு 21 மணிநேரமோ அதற்கு மேலோ பிள்ளைகளை, அல்லது 9 மணிநேரமோ அதற்கு மேலோ பேரப்பிள்ளைகளைக் கவனித்த பெண்களுக்கு இதயநோய் ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் பெண்களின் நிலை இன்னும் கடினம். சமூகப் பாதுகாப்பு வலுவாக உள்ள ஸ்வீடனிலேயே அவர்களுடைய இறப்பு விகிதம் துணையுள்ள தாய்மாரைவிட அதிகம் என்றும், அதன் பெரும்பகுதிக்குப் பொருளாதார நிலையே காரணம் என்றும் 2000-இல் வெளியான தேசிய ஆய்வு கண்டது.

கர்ப்பம் தரும் முன்னறிவிப்பு

கர்ப்பத்தின் உடலியல் பங்கு எஞ்சி நிற்கிறது என்று மேலே கண்டோம். அது எல்லாத் தாய்மாருக்கும் சமமாக இல்லை. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் வெளியேறும் ப்ரீ-எக்லாம்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் சற்று மேல். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2009-இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. அமெரிக்க இதயச் சங்கம் 2011 முதல் இவ்விரண்டையும் பெண்களின் இதயநோய் ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இருபத்தைந்து வயதில் கர்ப்பம் வெளிப்படுத்திய குறைபாட்டை ஐம்பது வயதில் மாரடைப்பாகச் சந்திக்காமல் தடுக்க, இடையில் கால் நூற்றாண்டு அவகாசம் கிடைக்கிறது.

பெற்றோரின் வர்க்கம், பிள்ளையின் இதயம்

பெற்றோரின் நிலை அவர்களுடைய இதயத்தை மட்டும் அல்லாமல் பிள்ளைகளின் இதயத்தையும் பாதிக்கிறது. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் 1930 வரை பிறந்த குழந்தைகளின் எடையைச் சுகாதாரச் செவிலியர் பிறந்தபோதும் ஒரு வயதிலும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தனர். டேவிட் பார்க்கர் குழுவினர் அந்தப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, 5,654 ஆண்கள் பின்னாளில் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தனர். 1989-இல் வெளியான முடிவின்படி, ஒரு வயதில் சுமார் 8 கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்கள் இதயநோயால் இறந்த விகிதம், 12 கிலோவுக்கு மேல் இருந்தவர்களின் விகிதத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

தென்னிந்தியாவிலும் இதே போக்கு தென்பட்டது. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்த 517 பேரை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஆய்வில், பிறந்தபோது இரண்டரை கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் 3 சதவீதத்தினருக்கு மட்டுமே இருந்தது. குழந்தையின் பிறப்பு எடை தாயின் ஊட்டத்தைப் பொறுத்தது. தாயின் ஊட்டம் அவள் பிறந்த, புகுந்த வீடுகளின் வசதியைப் பொறுத்தது.

பிற்காலச் செல்வம் இளமை வறுமையை ஈடுசெய்யுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் விடை கிடைத்தது. அங்கே 1948 முதல் 1964 வரை படித்து வெளியேறிய 1,131 ஆண் மருத்துவர்கள் நாற்பது ஆண்டுகளாகப் பின்தொடரப்பட்டனர். எல்லோரும் மருத்துவர்கள், எல்லோருக்கும் நல்ல வருமானம். ஆயினும் வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு 50 வயதுக்குள் இதயநோய் வரும் ஆபத்து மற்றவர்களைப்போல 2.4 மடங்கு. ஐம்பதைத் தாண்டியபின் அந்த வேறுபாடு தெரியவில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் மாரடைப்பு இன்னும் பணக்காரர் நோய் என்ற எண்ணம் முழுதாக மறையவில்லை. மருத்துவமனைப் பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான கிரியேட் ஆய்வில், மாரடைப்பு போன்ற அவசர நிலையில் வந்த ஏழைகளில் 8.2 சதவீதத்தினர் 30 நாட்களுக்குள் இறந்தனர். பணக்காரர்களில் அது 5.5 சதவீதம். அடைப்பை நீக்கும் சிகிச்சையும் தேவையான மருந்துகளும் ஏழைகளுக்குக் குறைவாகவே கிடைத்தன. சிகிச்சை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்ததும் இறப்பு வேறுபாடு மறைந்தது.

தடுப்புக்கான கருவிகள் சில தமிழ்நாட்டில் ஏற்கனவே இருக்கின்றன. மருத்துவர் வி. சேஷையாவின் முயற்சியால் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்வது இங்கே நடைமுறையானது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணிநேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. கூலியை இழக்காமல் மருந்து பெற இது வழிசெய்கிறது.

தொகுப்பு

பிள்ளைகளின் எண்ணிக்கை தனித்து நின்று இதயத்தைக் கெடுப்பதாகச் சான்று இல்லை. தந்தையரிடமும் தெரியும் தொடர்பு, பிள்ளை வளர்க்கும் ஆண்டுகளின் உணவையும் ஓய்வையும் உடல் எடையையும் சுட்டுகிறது. தாய்மாரிடம் எஞ்சும் பகுதி கர்ப்பத்தை, குறிப்பாக அதன் சிக்கல்களைச் சுட்டுகிறது. இரண்டையும் கடுமையாக்குவது வர்க்கம். ஆகவே மருத்துவர் நோயாளியிடம் புகைப்பழக்கத்தையும் குடும்ப நோய் வரலாற்றையும் கேட்பதோடு, வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் கவனிக்கிறார்கள், என்ன வேலை, கர்ப்ப காலத்தில் அழுத்தமோ சர்க்கரையோ இருந்ததா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ஏறிய ஒவ்வொரு பெண்ணும் பேறுகாலத்துக்குப் பிறகும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.